கோசாலைக்கு மேலும் கீழும்

அந்தப் படியில் கால் வைக்காதீர்கள், அம்மா. பாசி. போன மாதம் பட்டர் அதில் வழுக்கி விழுந்து, மூன்று வாரம் பெருமாளுக்கு வேறொருவர் வந்து மாலை சாற்றும்படி ஆயிற்று. இப்படி வாருங்கள், இங்கே கல் காய்ந்திருக்கிறது.

அழகியநம்பி என்பவன் அடியேன்தான். உங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் பதினொரு மனு எழுதியவன். பதினொன்றையும் படித்தீர்களா? நான்காவது மனுவைப் படித்திருந்தால் போதும். அதில்தான் விஷயத்தை முழுமையாக நிறுவியிருக்கிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு இருந்தவன் நான். ஒரு சொல் கூடினால் ஒரு சென்ட் நிலம் கைமாறிவிடும் என்ற பயத்திலேயே எழுதிப் பழகிய கை இது. ஆகவே அந்த மனுக்களில் மிகையாக ஒரு சொல்லும் இராது. "நரகத்துக்கு ஒப்பான" என்று ஓரிடத்தில் வருகிறது. அது மிகையன்று, அம்மா. நீங்களே மூக்கைப் பொத்திக்கொண்டுதானே நிற்கிறீர்கள்?

இதுதான் புஷ்கரணி. வேணுகோபாலப் பெருமாள் ஆண்டுக்கு ஒருமுறை, பிரம்மோத்சவத்தின் கடைசி நாள் காலையில், இந்தப் படிகளில் இறங்கித் தீர்த்தமாடுவார். தீர்த்தவாரி என்போம். ஊர் முழுவதும் அவரோடு சேர்ந்து முழுக்குப் போடும். இந்த ஆண்டுத் தீர்த்தவாரிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்தப் பச்சைக் கூழில் யாரை இறக்குவது, சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். பெருமாள் பல்லக்கில் இந்தப் படிவரைக்கும் எழுந்தருளிவிட்டார். பார்த்தால், குளம் முழுவதும் கெண்டை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. பட்டர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். பெருமாளை அந்தத் தண்ணீரில் எப்படி இறக்குவது? கடைவீதிக்கு ஆள் ஓடி, ஐந்து கேன் தண்ணீர் வாங்கி வந்து, படியிலேயே வைத்துத் திருமஞ்சனம் செய்தோம். கூட்டத்தில் எவளோ ஒருத்தி, "சாமிக்கும் கேன் தண்ணிதானா!" என்றாள். நான் பெருமாள் முகத்தைப் பார்த்தேன். அது எப்போதும் சிரிக்கிற முகம். அன்றும் சிரித்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு எழுபத்தாறு நடக்கிறது, அம்மா. இன்னும் எத்தனை தீர்த்தவாரி பார்க்கப் போகிறேன்? இந்த ஒன்றையாவது அவர் நல்ல தண்ணீரில் இறங்கப் பார்த்துவிட வேண்டும்.

குற்றவாளி யார் என்பது ஊரறிந்த விஷயம். காலையில் அங்கேதான் முதலில் போனீர்களாம், நல்லது. அதோ, சாலைக்குத் தெற்கே தகரக் கொட்டகை தெரிகிறதே, அது சூசை மிக்கேலின் பண்ணை. எருமைக் கடாக்களும் காளைகளுமாக எண்பது உருப்படி. அவற்றைப் பாலுக்கு வளர்க்கவில்லை, ஏருக்கும் வளர்க்கவில்லை. தின்னக் கொடுத்துக் கொழுக்க வைத்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கு லாரியேற்றுகிறான். இறைச்சிக்கு, அம்மா, இறைச்சிக்கு! ஒரு கிலோ இறைச்சிக்குப் பதினையாயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகிறதாம். பத்திரிகையில் வந்ததை வெட்டி, ஆறாவது மனுவோடு இணைத்திருக்கிறேன். நெல் விளைந்த வயலெல்லாம் அவன் மாட்டுக்குச் சோளத்தட்டையாகிவிட்டது. ஆழ்துளைக் கிணறு அறுநூறு அடிக்குப் போய்விட்டது. இதில் எதையும் அவன் மறுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுத்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அவனோ, "ஆமா அண்ணாச்சி, அது மெய்தான்" என்று சிரித்துக்கொண்டு நிற்கிறான். அப்படிப்பட்ட ஆளோடு எப்படி வழக்காடுவது?

ஏழாவது மனுவை எழுதிய பிறகு ஒருநாள், தேரடியில் என்னைப் பார்த்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

"அண்ணாச்சி, எங்க மாடு ஏப்பம் விட்டு ஒலகம் சூடாகுதுன்னு எழுதிருக்கீகளாமே?"

"விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்" என்றேன்.

"நானும் படிச்சேன். மாட்டு வயித்துல ஊறுத வாயு. மெய்தான். ஆனா ஒங்க கோசாலையில நூத்தி நாப்பத்து மூணு நிக்கே, அது ஏப்பம் விட்டா துளசி வாசமா அண்ணாச்சி வருது?"

"கோசாலைப் பசு ஏப்பம் விடுவதில்லை, அசை போடுகிறது" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் வண்டி சாய்ந்துவிட்டது. பக்கத்தில் கீரை வாங்கிக்கொண்டிருந்த என் இல்லாளும் சிரித்தாள். வல்லி என்று பெயர், குறுங்குடிவல்லி. நாற்பத்தெட்டு ஆண்டுகளாக என்னோடு இருக்கிறாள். எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்வதில் அவளுக்கு நிகர் அவள்தான். வண்டியைத் தூக்கி நிறுத்திக்கொண்டே அவன் இன்னொன்றும் சொன்னான்: "எம் மாடு ரெண்டு வருசம் தின்னும், குடிக்கும். ஒங்க மாடு இருவது வருசம் தின்னும், குடிக்கும். ஒரு நாளைக்கு ஒக்காந்து கூட்டிப் பாருங்க." கூட்டிப் பார்ப்பதா? தாய்க்குச் சோறு போடுகிறவன் கவளத்தை எண்ணுவானா?

தண்ணீரைக் குப்பியில் எடுத்துவிட்டீர்களா? அந்தக் கருவியையும் முக்குங்கள். என்ன காட்டுகிறது? ஒன்றுக்கும் கீழேயா! ஆகா. காலையில் சூசை மிக்கேலின் கழிவு ஓடையில் எவ்வளவு காட்டியது? ஆறா? கேட்டீர்களா, ஆறு! அத்தனை அழுக்கை அவன் வைத்துக்கொண்டிருந்தும், பெருமாள் குளத்தில் ஒன்றுக்குக் கீழேதான் நிற்கிறது. ஆறில் ஒரு பங்குக்கே இந்த நாற்றம் என்றால், அவன் ஓடையில் எப்படி இருக்கும்? அங்கே நாற்றமில்லையா? ஏமாறாதீர்கள், அம்மா. மஸ்கட்டில் பெரிய பண்ணையில் இருந்து வந்தவன், ஏதாவது மருந்து தெளித்திருப்பான்.

இல்லை, இல்லை, கேள்வி நியாயமானதுதான். அவன் பண்ணை தெற்கே பள்ளத்தில் இருக்கிறது, குளம் மேட்டில் இருக்கிறது. "தண்ணி மேட்டப் பாத்து ஏறுமா, அண்ணாச்சி?" என்று அவனும் கேட்டான். தண்ணீர் ஏறாது, பாவம் ஏறும் என்றேன். மனுவில் அப்படி எழுதவில்லை. அதில் "நிலத்தடி வழியாகவோ, வேறெவ்வகையிலோ" என்று எழுதியிருக்கிறேன்.

வாய்க்காலையும் பார்க்க வேண்டுமா? பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். வாய்க்கால் வடக்கே மலையிலிருந்து வருகிறது. கரையோடு நடந்தால் கோசாலைக்கே போய்விடலாம். அதையும் நீங்கள் பார்த்ததாக இருக்கட்டும். சூசை மிக்கேலின் மாடுகளைப் பார்த்த கண்ணுக்குப் பரிகாரமாகவும் இருக்கும்.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில் பதினொரு பசுக்களோடு தொடங்கியது கோசாலை. ஆயர்பாடியில் அவன் குழலூதியதைப் படித்துப் படித்துக் கண்ணீர் விட்டவன் நான். ஆனால் ஒரு பசுவின் முதுகையும் தடவியதில்லை. பதிவு அலுவலகத்தில் பசுவுக்கு என்ன வேலை? ஆகவே இந்தக் கைங்கரியத்தை மேற்கொண்டேன். செய்தி பரவியது. மதுரை, சென்னை, எங்கிருந்தெல்லாமோ வண்டியில் பசுவை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அறுபதாம் கல்யாணம் என்றால் ஒரு பசு, ஜாதகத்தில் தோஷமென்றால் ஒரு பசு. பெரும்பாலும் பால் வற்றியவை. வாசலில் வந்து நிற்கிற பசுவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. வருகிற வெள்ளிக்கிழமை நான்கு வருகின்றன.

மலையைப் பார்க்கிறீர்களா? ஆம், புல் இல்லைதான். முன்பு இடுப்பளவு நின்றது. இப்போது மலையே திருப்பதிக்குப் போய் முடிகாணிக்கை கொடுத்துவிட்டு வந்ததுபோல் இருக்கிறது. பசுக்கள் மேய்ந்து திரிகின்றன, வேறென்ன செய்யும்? மண் இளகிக்கொண்டு வருகிறது, மழைக்குச் சரிகிறது. இதைப் பற்றியும் வல்லி ஒரு பேச்சுப் பேசினாள்.

"கண்ணன் ஒரே எடத்துலயா மேய்ச்சான்? கோகுலத்துல புல்லு தீந்ததும் ஆயங்க எல்லாரும் மாட்டப் பத்திக்கிட்டு பிருந்தாவனத்துக்குப் போகலியா? நீங்க ஒரே மலைய நக்க விட்டுட்டீங்க."

அவள் படித்தவளல்லள், அம்மா. நான் வாசிக்கும்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு கேட்பவள், அவ்வளவுதான். ஆனால், என்ன செய்வது, அந்தச் செய்தி புராணத்தில் இருக்கத்தான் இருக்கிறது. புதிய காட்டில் புல்லும் நீரும் நிறைந்திருக்கின்றன என்று பெரியவர்கள் கூடிப் பேசித்தான் புறப்படுகிறார்கள். நாற்பது ஆண்டு பாராயணம் செய்த நான் அந்த இடத்தில் வண்டிகளின் அழகைப் பார்த்தேன். அவள் புல் தீர்ந்ததைக் கேட்டிருக்கிறாள்.

வந்துவிட்டோம். இதுதான் கோசாலை. பயப்படாதீர்கள், முட்டாது. அது ருக்மிணி. வாசனை பார்க்கிறது, அவ்வளவுதான். இங்கே கீழே பாருங்கள், உங்களுக்குக் காட்ட வேண்டிய ஏற்பாடு இதுதான். முன்பெல்லாம் வாய்க்கால் கோசாலையைத் தொடாமல் அந்த ஓரமாக, வேலிக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பெருமாளுக்குப் போகிற தீர்த்தம் பசுவின் பாதத்தைத் தொட்டுப் போகவேண்டாமா? பஞ்சகவ்யத்தை விடப் பரிசுத்தம் ஏது? ஆகவே, நான்கு ஆண்டுக்கு முன் ஓர் ஏகாதசியன்று, நானே மண்வெட்டி பிடித்து வாய்க்காலை இப்படி உள்ளே திருப்பினேன். தொழுவத்தின் நடுவே ஓடி, எல்லாவற்றையும் அலம்பிக்கொண்டு, இந்த மடை வழியாக வெளியேறிக் குளத்துக்குப் போகிறது. வெட்டி முடித்த இரவு கை முழுவதும் கொப்புளம். வல்லிதான் விளக்கெண்ணெய் தடவினாள். தடவி முடித்ததும் மண்வெட்டியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள்.

மடை வாயில் கருவியை வையுங்கள், அம்மா. எவ்வளவு?

பூஜ்யமா!

பார்த்தீர்களா? பார்த்தீர்களா? சூசை மிக்கேலிடம் ஆறு, பசுவின் பாதத்தில் பூஜ்யம்! நான் எந்த மனுவிலும் இதை இவ்வளவு தெளிவாக நிறுவவில்லையே! எழுதிக்கொள்ளுங்கள். பெரிய பூஜ்யமாகப் போடுங்கள்.

இன்னும் மேலே போகவேண்டுமா? எதற்கு? வேலிக்கு அப்பால் வெறும் மலைத்தண்ணீர், அங்கே ஒன்றும் இல்லை. சரி, வாருங்கள், உங்கள் கடமையைச் செய்யுங்கள். இந்த இடத்தில் கூழாங்கல் தெரிகிறது, காலை நனைத்தாலும் பாதகமில்லை. எவ்வளவு?

ஏழா? ஏழென்றா சொன்னீர்கள்? மலைத்தண்ணீரில் ஏழா? சூசை மிக்கேலை விட அதிகமா? மேலே யாரும் இல்லையே. மேகமும் பாறையும்தான் இருக்கின்றன. கருவி கெட்டுவிட்டதோ? துடைத்துவிட்டு மறுபடியும் வையுங்கள். ஏழேதானா? அதெப்படி, அம்மா? என் கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இதோ, மீன்குஞ்சுகள்கூட ஓடுகின்றன...

என்ன சொல்கிறீர்கள்?

மெதுவாகச் சொல்லுங்கள். எண் அழுக்கைச் சொல்லவில்லையா? மீன் மூச்சு விடுவதற்காகத் தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றையா அது சொல்கிறது? கூடினால் நல்லதா?

அப்படியானால் பூஜ்யம் என்றால்...

இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம். முப்பத்தொரு ஆண்டு வில்லங்கம் பார்த்தவனுக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. சற்று இந்தக் கல்லில் உட்கார்ந்துகொள்கிறேன். கோசாலைக்கு மேலே ஏழு. கோசாலைக்குக் கீழே பூஜ்யம். குளத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்தக் கெண்டை மீன்கள்... பெருமாள் வாசலில், மூச்சு முட்டியா?

நாலு ஆண்டு. சாணமும் கோமியமும் கலந்து நாலு ஆண்டாக நாள்தோறும். பிழை செய்தவன் ஒருவன், அவன் எழுதிய மனு பதினொன்று.

மனுக்களின் நடை நன்றாக இருந்தது என்கிறீர்களா? நீங்கள் நல்லவர், அம்மா. ஆனால் சிரிக்காமல் சொல்லியிருக்கலாம்.

சரி. ஒன்பது நாளில் ஏதாவது செய்ய முடியுமா, அதைச் சொல்லுங்கள். வாய்க்காலைப் பழைய வழியில் திருப்ப வேண்டும். அது ஆகும். குளத்தை இறைத்து, அடியிலிருக்கிற சேற்றை எடுக்க வேண்டும். மலைத்தண்ணீர் நாலு நாளில் நிரப்பிவிடும். ஆனால் அந்தச் சேற்றை இறைக்கிற பம்பு யாரிடம் இருக்கிறது? தாலுகா முழுவதிலும் ஒரே ஒருவனிடம்தான் இருக்கிறது. சித்திரையில் அவனே வந்து கேட்டான். "அண்ணாச்சி, சாணிக்குழிக்கு வச்சிருக்குற பம்பு சும்மாதான் கெடக்கு, கொளத்துக்குத் தரட்டுமா? ஒங்க தொழுவத்துச் சாணியையும் எங்க கேஸ் குழிக்கு எடுத்துக்கிடுதேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? சாணிக்குழியில் இறங்கிய பம்பு புஷ்கரணியில் இறங்குவதா என்று கேட்டேன். வல்லி உள்ளேயிருந்து, "இப்ப மட்டும் அங்க என்ன பன்னீரா இருக்கு?" என்றாள்.

உங்கள் கைபேசியில் அவனைக் கூப்பிடுகிறீர்களா? அரசாங்கம் கேட்பதாகக் கேளுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஐயோ, சத்தமாக வைத்துவிட்டீர்களே.

"சொல்லுங்க மேடம். பம்பா? தாராளமா. அண்ணாச்சி பக்கத்துல இருக்காகளா? இருந்தா அவுக வாயால ஒரு வார்த்த கேக்கச் சொல்லுங்க. மனுவாத்தானே நா அவுகளப் படிச்சிருக்கேன். கேட்டதில்லையே."

குறும்பைப் பார்த்தீர்களா? கொடுங்கள், கொடுங்கள். சூசை மிக்கேல், நான்தான். பம்பு வேண்டும். தீர்த்தவாரிக்கு. தயவுசெய்து.

"அட, அண்ணாச்சி! தயவுசெய்தெல்லாம் எதுக்கு? சாயங்காலம் நாலு மணிக்குக் கொண்டாந்து எறக்குதேன். ரெண்டு தரம் நல்லாக் கழுவித் தாரேன். மூணாந்தரம் நீங்க மந்திரஞ் சொல்லிக் கழுவிக்கிடுங்க. ஆனா ஒண்ணு, கோவிச்சுக்கிடாதீக. நூத்தி நாப்பத்து மூணுக்கு அந்த மலை காணாது. எம் மாடு எம்பதுக்கே இந்த மண்ணு தண்ணி பத்தல. எரநூறு வச்சிருந்தேன், கெணறு காஞ்ச பொறவுதான் புத்தி வந்து எறங்குனேன். நாம ரெண்டு பேருமாச் சேந்துதான் இந்த ஊர உறிஞ்சிருக்கோம். நீங்க கும்பிட்டு உறிஞ்சுனீக, நா வித்து உறிஞ்சுனேன்."

வெள்ளிக்கிழமை நாலு பசு வருகிறது, சூசை மிக்கேல்.

"வேண்டாம்னு சொல்லிப் பழகுங்க, அண்ணாச்சி. எம் பம்ப நாலு மாசமா வேண்டாம்னு சொன்ன நாக்குதானே?"

வைத்துவிட்டான். எப்போதும் இவன் இப்படித்தான், நான் பதில் யோசிப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுவான். சரி. மதுரைக்காரர் நம்பர் வீட்டில் இருக்கிறது, போய் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வல்லியைப் பக்கத்தில் நிற்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாலுக்குப் பதில் இரண்டு என்று இறங்கிவிடுவேன்.

கிளம்புகிறீர்களா? ஒரு நிமிடம். அந்தப் படிவத்தில் "மாசுக்கான காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதப் போகிறீர்கள்? கோசாலைப் பசுக்களின் கழிவு என்றா? வேண்டாம், அம்மா. நான் சலுகை கேட்கவில்லை. பத்திரத்தில் பிழையான பெயர் ஏறினால், திருத்துவதற்குள் ஓர் ஆயுள் போய்விடும். அது வாயில்லா ஜீவன். கட்டிய இடத்தில் நின்றது, போட்டதைத் தின்றது. அதில் என் பெயரை எழுதுங்கள். அழகியநம்பி, தகப்பனார் பெயர் வைகுந்தம் பிள்ளை, சன்னதித் தெரு, கதவு எண் ஏழு. பசுவுக்கு வாய்க்கால் வெட்டத் தெரியாது.